23 ஆபரேஷன்... ஒரு கால்!

1980களில் சென்னை லயோலா கல்லூரி மாணவர் ஒருவர், ஐ.ஐ.டி.யில் நடந்த நாடகப் போட்டியில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகு அவர் சென்ற பைக் மீது லாரி மோதியது. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள் டாக்டர்கள். மூன்று வருடம் படுக்கை, 23 அறுவை சிகிச்சைகள், அப்புறம் ஒரு வருடம் ஊன்றுகோல். அந்த மாணவர்தான் 'சேது' (1999) விக்ரம்!

ஒரு காலுக்கு எதற்கு இத்தனை ஆபரேஷன்?

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் முன்பக்கத்தில் சதை கிடையாது, வெறும் தோல்தான். அடிபட்டால் எலும்பு வெளியே வந்துவிடும். மண்ணும் கிரீஸும் உள்ளே போகும். முதலில் கழுவி, செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே வேலை. வெளியே கம்பிச் சட்டம் மாட்ட வேண்டும். வேறு இடத்துச் சதையையும் தோலையும் எடுத்து மூட வேண்டும். எலும்பு கூடாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி வைக்க வேண்டும். நடுவில் சீழ் பிடித்தால் முதலிலிருந்து ஆரம்பம்!

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். எலும்பு முறிவை விட, புண் புரையோடிச் செத்தவர்கள்தான் அதிகம். 1865ல் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் காலுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். சில வாரங்களில் சீழ் பிடிக்காமல் எலும்பு கூடியது. கிருமிகளைக் கொன்று செய்யும் அறுவை சிகிச்சை உலகம் முழுக்கப் பரவக் காரணமான கால்களில் அதுவும் ஒன்று.

அடுத்த பெரிய மாற்றம் சைபீரியாவில். குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களிலிருந்து இரும்பு வளையங்களையும் மெல்லிய கம்பிகளையும் வைத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் எலும்பை வளர்த்துக் காட்டினார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தக் காலைக் காப்பாற்றலாம், எதை எடுத்துவிடுவது நல்லது என்று முடிவு செய்ய, கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி மார்க். சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் கூடுதல் மார்க். மொத்தம் 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17ஓ அதற்கு மேலோ போனால் கஷ்டம். நடுவில் இருப்பது டாக்டரின் அனுபவத்துக்கு விட்டது.

ஆனால் எந்த மார்க்கிலும் சேராத விஷயம் ஒன்று இருக்கிறது... அந்த ஒன்றிரண்டு வருடம் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை. உள்ளே இரும்பு உருக்காலைகள். கனரக லாரிகளுக்கு நடுவேதான் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறார்கள். இவர்களுக்கான பதில் 1948ல் வந்த சட்டத்தில் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறது. வேலையில் அடிபட்டால், வேலைக்குத் திரும்பும் வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உண்டு. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் சரி, காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி! வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் நடக்கும் விபத்தையும் 2010 திருத்தம் சேர்த்துக்கொண்டது.

காலைக் காப்பாற்றுவது டாக்டர் கையில். பத்தாவது ஆபரேஷன் வரை பொறுமையாகப் படுத்திருக்க முடியுமா என்பது வீட்டு வருமானத்தின் கையில். பணம் தீர்ந்ததும் பாதி ஆறிய காலோடு வேலைக்கு ஓடினால், லிஸ்டரும் இலிசரோவும் சேர்ந்து வந்தாலும் பயனில்லை.

வீட்டில் யாராவது கம்பெனி வேலைக்குப் போகிறார்களா? இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.