பஞ்சரத்தினம்: முப்பது ஆண்டுகள் காத்திருந்த ஆய்வுக் கட்டுரை

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் (9 பிப்ரவரி 1934 – 28 மே 1969) ஒளியியலில் முதன்மையான பங்களிப்பைச் செய்த இந்திய இயற்பியலாளர். கல்கத்தாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சர் சி. வி. ராமனின் தங்கை மகன். திரவப் படிக ஆய்வில் புகழ்பெற்ற எஸ். சந்திரசேகர் இவருடைய அண்ணன். வானியற்பியலில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறொருவர். அவரும் ராமனின் குடும்பத்தவரே என்பதால் மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு.

இருபது வயதையொட்டிப் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த பஞ்சரத்தினம், ஒளியை உட்கவரும் படிகங்களில் தோன்றும் குறுக்கீட்டு உருவங்களை ஆராய்ந்தார். அவற்றை விளக்க முற்பட்டபோது அடிப்படையான ஒரு கேள்வி எழுந்தது. வெவ்வேறு தளவிளைவு நிலைகளில் உள்ள இரண்டு ஒளிக்கற்றைகள் ஒரே கட்டத்தில் உள்ளன என்று எப்போது சொல்லலாம்? இரண்டையும் சேர்க்கும்போது கிடைக்கும் ஒளிச்செறிவு பெருமமாக இருந்தால் அவை ஒரே கட்டத்தில் உள்ளன என்று அவர் வரையறுத்தார்.

எளிய வரையறைதான். ஆனால் அதிலிருந்து கிடைத்த முடிவு வியப்பானது. முதல் கற்றை இரண்டாவதோடு ஒத்த கட்டத்திலும், இரண்டாவது மூன்றாவதோடு ஒத்த கட்டத்திலும் இருந்தாலும், மூன்றாவது கற்றை முதலாவதோடு ஒத்த கட்டத்தில் இருக்க வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உலக உருண்டை போதும். வட துருவத்தில் ஒரு குச்சியைத் தீர்க்கக்கோட்டின் வழியே தெற்கு நோக்கி வையுங்கள். அதைச் சற்றும் திருப்பாமல் நிலநடுக்கோடுவரை கொண்டுவந்து, நிலநடுக்கோட்டிலேயே கால் சுற்று நகர்த்தி, மீண்டும் வட துருவத்திற்குக் கொண்டு செல்லுங்கள். குச்சி இப்போது தொண்ணூறு பாகை திரும்பியிருக்கும். வழியில் யாரும் திருப்பவில்லை. உருண்டையின் வளைவே திருப்பிவிட்டது. தளவிளைவு நிலைகளை ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கும் முறையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே முன்பே வகுத்திருந்தார். அந்தக் கோளத்தில் மூன்று நிலைகளை இணைக்கும் முக்கோணம் மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் சரிபாதியே கட்ட வேறுபாடு என்று பஞ்சரத்தினம் நிறுவினார்.

இந்தக் கட்டுரை 1956-இல் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 22. அந்தக் கழகத்தை நிறுவியவர் ராமன். நிறுவிய ஆண்டு 1934, பஞ்சரத்தினம் பிறந்த ஆண்டு. இந்திய ஆய்வுகள் இந்திய இதழ்களிலேயே வர வேண்டும் என்பது ராமனின் கொள்கை. கொள்கை நல்லதே, ஆனால் மேலைநாட்டு ஆய்வாளர் பலரின் கண்ணில் அந்தக் கட்டுரை படவில்லை.

மைசூர் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றிய பிறகு 1964-இல் பஞ்சரத்தினம் ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கு ஜி. டபிள்யூ. சீரிஸ் என்பவரோடு அணுக்களுக்கும் ஒளிக்கும் இடையிலான வினைகளை ஆராய்ந்தார். ஐந்தே ஆண்டுகளில், 35 வயதில் காலமானார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1975-இல் நூலாக்கியவர் சீரிஸ். தொகுப்பு வந்த பிறகும் 1956 கட்டுரைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

1984-இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் அமைப்புகளில் வடிவியல் சார்ந்த ஒரு கட்டம் உண்டு என்று பொதுவாக நிறுவிப் புகழடைந்தார். ஒளியியலில் இதற்கான முன்னோடி எடுத்துக்காட்டு பஞ்சரத்தினத்திடம் இருக்கிறது என்பதை எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டினர். பெர்ரி அதை மனமார ஏற்றார். 1987-இல் தம் கட்டுரையொன்றின் தலைப்பிலேயே பஞ்சரத்தினத்தின் பெயரைச் சேர்த்தார். 1994-இல் அவரைப் பாராட்டித் தனிக் கட்டுரையும் எழுதினார். அறிவியல் உலகில் முன்னுரிமைக்காகச் சண்டையிட்டோரே மிகுதி என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ராமன் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் சாமுவேலும் ராஜேந்திர பண்டாரியும் 1988-இல் பஞ்சரத்தினத்தின் கருத்தைக் கொண்டே பெர்ரியின் கோட்பாட்டை மேலும் பொதுமையாக்கினர்.

அதன்பின் மேற்கோள்கள் பெருகின. இன்று அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நுண்ணமைப்புகளின் திசையை மாற்றி ஒளியைக் குவிக்கும் தட்டை வில்லைகள் ‘பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம்’ என்ற அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஒருவரின் ஆய்வை இறுதி ஐந்தாண்டு மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கும் இன்றைய வழக்கப்படி 1969-இல் பஞ்சரத்தினத்தை அளந்திருந்தால், அவருடைய மிகச் சிறந்த கட்டுரை கணக்கிலேயே வந்திருக்காது. இன்றைய எண்ணிக்கையும் முழுமையானதல்ல. கட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு 1956 கட்டுரையைச் சுட்டாமல் விடுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.