சூரிய கிரகணம்: சிறுவர்களுக்குக் கற்பித்தலும் பாதுகாப்பாகக் காணுதலும்

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்து சூரியனை முழுமையாகவோ பகுதியாகவோ மறைப்பது சூரிய கிரகணம். இது அமாவாசையன்று மட்டுமே நிகழும். நிலாவின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் நிகழ்வதில்லை.

வகுப்பறை விளக்கம்

சூரியனின் விட்டம் நிலாவின் விட்டத்தைப் போல் சுமார் 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ அதே மடங்கு. அதனால்தான் வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஒரு குண்டு பல்பும் அதைவிடச் சிறிய பந்தும் இருந்தால் இதைச் செய்துகாட்டலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பந்தைக் கண்ணருகே பிடித்தால் பல்பு முழுதும் மறையும்; சற்றுத் தள்ளிப் பிடித்தால் விளிம்பு சுற்றிலும் ஒளிரும். நிலா தொலைவில் இருக்கும்போது தோன்றும் வளைய கிரகணமும் இவ்வாறே.

கண்ணுக்கு நேரும் கேடு

கிரகணத்தன்று சூரியன் புதிய நச்சுக்கதிர் எதையும் வெளியிடுவதில்லை. ஆவலில் உற்றுப்பார்ப்பதே ஆபத்து. விழித்திரைக்கு வலி தெரியாது. காயம் பட்டபின், பார்வையின் நடுப்பகுதி நிரந்தரமாக மங்கிவிடக்கூடும்.

பாதுகாப்பான முறைகள்

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுடைய, கீறலோ ஓட்டையோ இல்லாத கிரகணக் கண்ணாடியைப் பெரியவர் உடனிருக்கப் பயன்படுத்தலாம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, தாம்பாளத் தண்ணீரில் தெரியும் சூரியன் ஆகிய எதுவும் பாதுகாப்பானதல்ல. கிரகணக் கண்ணாடி அணிந்தபடி பைனாகுலர் வழியே பார்க்கவும் கூடாது. குவிந்த ஒளி கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

சிறுவர்க்கு மிக ஏற்றது ஊசித்துளை முறை. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டையிலுள்ள துளை வழியே ஒளியைத் தாளில் விழச்செய்ய வேண்டும். 2 மீட்டர் தள்ளி விழும் பிம்பம் சுமார் 2 செ.மீ. அகலமிருக்கும். சல்லடைத் துளைகளும் மரத்தின் இலை இடுக்குகளும் பிறைப் பிம்பங்களைத் தரையில் பரப்பும்.

நம்பிக்கைகள்

கிரகணத்தால் சமைத்த உணவு கெடும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. கிரகணத்தின்போதுதான் உலக்கை செங்குத்தாக நிற்கும் என்பதை, வேறொரு நாளில் மாணவர்களே நிறுத்திப் பார்த்துச் சோதிக்கலாம்.

தமிழ்நாட்டில்

2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும், 2019 டிசம்பர் 26 அன்று உதகை, கோவை, திண்டுக்கல் வட்டாரங்களிலும் வளைய கிரகணம் தெரிந்தது. யாழ்ப்பாணத்தினர் இரண்டையும் கண்டனர். அடுத்து 2031 மே 21 அன்று மதுரை வழியே வருவதும் வளைய கிரகணமே. முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றும் மறைந்திருக்கும் சிறிது நேரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். வளைய கிரகணத்தில் அதற்கு ஒரு நொடிகூட இடமில்லை. 2010, 2019 கிரகணங்கள் பொங்கல், அரையாண்டு விடுமுறைகளில் வந்தன. அடுத்தது கோடை விடுமுறையில் வருகிறது. ஆகவே ஊசித்துளைப் பயிற்சியைப் பள்ளி அடைக்கும் முன்பே கற்பித்து, பெற்றோருக்கும் சொல்லிவைப்பது இன்றியமையாதது.