மகிழுந்துகளுக்கான மாற்றுச் சக்கர, டயர் அளவுத் தேர்வு

மாற்றுச் சக்கர அளவுத் தேர்வு என்பது, ஒரு மகிழுந்துடன் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வரும் சக்கரங்களையும் டயர்களையும் நீக்கி, வேறு அளவுடையவற்றைப் பொருத்த விரும்பும்போது பொருந்தக்கூடிய அளவைக் கணக்கிட்டு முடிவு செய்யும் முறையாகும். ஸ்போர்ட்ஸ் செடான் எனப்படும் ஆற்றல் மிகுந்த நான்குகதவு மகிழுந்துகளை வைத்திருப்போர் இதில் மிகுந்த ஈடுபாடு காட்டுகின்றனர். பெரிய விளிம்பும் மெல்லிய டயரும் வண்டிக்கு அழகைத் தருகின்றன. வளைவுகளில் திருப்பும் உணர்வையும் கூர்மையாக்குகின்றன. ஆயினும் சாலையின் அதிர்ச்சியைத் தாங்குவதும் வண்டியின் எடையைச் சுமப்பதும் விளிம்பு அன்று; டயருக்குள் அடைபட்டுள்ள காற்றே ஆகும். விளிம்பு பெரிதாகும்போது அக்காற்றுக்கான இடம் குறைகின்றது. அளவுத் தேர்வின் சிக்கல் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குந்தாரப்பள்ளி வழியாகச் செல்லும் சாலையும், இந்தியாவில் விற்கப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா மகிழுந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 205/55 ஆர்16 91வி என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் வகைக் கட்டமைப்பு. 16 என்பது பேச்சுவழக்கில் ரிம் எனப்படும் விளிம்பின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் கலந்து நிற்பது வரலாற்றின் எச்சம். புதிதாகக் கற்போரை இது குழப்புவதில் வியப்பில்லை.

91 என்பது சுமைக் குறியெண். இது கிலோகிராம் அன்று. அட்டவணையில் பார்த்து அறிய வேண்டிய எண். 91 எனில் ஒரு டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும். 88 எனில் 560. 92 எனில் 630. 94 எனில் 670. இறுதியில் உள்ள எழுத்து வேக வரம்பு ஆகும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர், வி 240, டபிள்யூ 270. இந்தியச் சாலைகளில் இவ்வேகங்களுக்கு வேலையில்லை எனினும், உயர்ந்த எழுத்துடைய டயர் வெப்பத்தை மேலும் நன்கு தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதாகும். எனவே உற்பத்தியாளர் குறித்த எழுத்துக்குக் கீழே இறங்குதல் கூடாது.

விட்டக் கணக்கு

முதல் நிபந்தனை, டயரின் மொத்த வெளிவிட்டம் பழைய அளவுக்கு நெருக்கமாக இருத்தல். வெளிவிட்டம் என்பது பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கையும் விளிம்பின் விட்டத்தையும் கூட்டியதாகும். 205/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 112.75 மிமீ. அதன் இருமடங்கு 225.5, விளிம்பு 406.4, ஆக மொத்தம் 631.9 மிமீ.

இதே முறையில் கணக்கிட்டால், 225/45 ஆர்17 டயரின் வெளிவிட்டம் 634.3 மிமீ, 225/40 ஆர்18 டயரின் வெளிவிட்டம் 637.2 மிமீ, 225/35 ஆர்19 டயரின் வெளிவிட்டம் 640.1 மிமீ ஆகும். மூன்றுமே பழைய விட்டத்திலிருந்து ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகின்றன. வேறுபாடு மூன்று விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கடைக்காரர்கள் முதல் பொறியாளர்கள் வரை பரவலாகப் பின்பற்றும் வழக்கு. விட்டம் கூடினால் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். எடுத்துக்காட்டாக, 205/55 ஆர்16 டயருக்குப் பதிலாக 215/60 ஆர்16 பொருத்தினால் விட்டம் 664.4 மிமீ ஆகி, ஐந்து விழுக்காடு மிகும். முன்பு 100 எனக் காட்டிய வேகத்தில் இப்போது வண்டி ஏறத்தாழ 105 கிலோமீட்டரில் ஓடும். தரையிடைவெளியில் இதனால் கிடைப்பது 16 மில்லிமீட்டர் மட்டுமே. பெரிய விளிம்பு பொருத்தினால் வண்டி உயரும் என்ற நம்பிக்கையும் தவறானது. வெளிவிட்டம் மாறாத வரை வண்டியின் உயரமும் மாறாது.

இணையத்தில் கிடைக்கும் டயர் கணிப்பான்கள் பெரும்பாலும் இக்கணக்குடன் நின்றுவிடுகின்றன. அவற்றின்படி 19 அங்குலமும் பொருந்தும் அளவே. விட்டக் கணக்கு முதல் சல்லடை மட்டும் என்பதை அவை கூறுவதில்லை.

பக்கச்சுவரும் சுமையும்

மேற்கண்ட நான்கு அளவுகளின் பக்கச்சுவர் உயரங்களை வரிசையாகப் பார்த்தால் உண்மை நிலை விளங்கும்: 112.75, 101.25, 90, 78.75 மிமீ. 16 அங்குலத்திலிருந்து 19க்குச் செல்லும்போது, விளிம்புக்கும் சாலைக்கும் இடையிலுள்ள மெத்தையில் 34 மில்லிமீட்டர் இழக்கப்படுகின்றது.

பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது பக்கச்சுவர் மடிந்து, சாலைக்கும் உலோக விளிம்புக்கும் இடையே நசுங்குகின்றது. பக்கச்சுவருக்குள் ஓடும் பாலியெஸ்டர் இழைகள் அவ்விடத்தில் அறுந்தால், உட்காற்று வெளிச்சுவரைத் தள்ளி ஒரு வீக்கம் தோன்றும். இதனைப் பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்ய இயலாது. டயரையே மாற்ற வேண்டும். வீக்கத்துடன் நெடுஞ்சாலையில் ஓட்டுவது டயர் வெடிப்பதற்கு வழிவகுக்கும். பக்கச்சுவர் குறைந்த டயரில் இவ்விபத்துக்குச் சிறிய பள்ளமே போதுமானது. கலப்புலோகச் சக்கரமாயின் விளிம்பும் சேர்ந்து வளையலாம் அல்லது வெடிப்பு விடலாம்.

சுமைக் குறியெண்ணிலும் இதே இழப்பு உண்டு. 205/55 ஆர்16 பொதுவாக 91, அதாவது 615 கிலோகிராம். 225/45 ஆர்17 டயரும் 91 அல்லது வலுவூட்டப்பட்ட வகையில் 94. 225/40 ஆர்18 அளவில் 88, 92 ஆகிய இரண்டும் சந்தையில் உள்ளன. இவற்றுள் 92 வலுவூட்டப்பட்டது. 225/35 ஆர்19 அளவில் வலுவூட்டப்பட்ட வகையே 88 ஆகும். டயர் ஒன்றுக்கு 55 கிலோகிராம் வீதம் நான்கு டயர்களுக்கு 220 கிலோகிராம் குறைகின்றது. இது மூன்று பெரியவர்களின் எடை. இயந்திரம் முன்புறம் உள்ள வண்டிகளில் முன் அச்சின் மீது எடை மிகுதி என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மேலும் வலுவூட்டப்பட்ட டயர் தன் முழுச் சுமையைத் தாங்க வழக்கமான டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். பழைய அழுத்தத்தையே நிரப்பிவிட்டு 92 என்ற எண்ணை நம்புவது பிழை.

குந்தாரப்பள்ளிச் சாலை

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இன் மீது அமைந்த ஊராகும். இந்நெடுஞ்சாலை 2010 ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்கு முன்னர் தேசிய நெடுஞ்சாலை 7 என அழைக்கப்பட்டது. இங்கிருந்து வேப்பனப்பள்ளி நோக்கி ஒரு சாலை பிரிகின்றது. வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தை ஆட்டு வணிகத்திற்குப் பெயர்பெற்றது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கான சரக்குந்துகளும், மாவட்டத்தின் கருங்கல் குவாரிகளிலிருந்து பாறைகளை ஏற்றிச்செல்லும் கனரக வண்டிகளும், பெங்களூரு செல்லும் மகிழுந்துகளும் இச்சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

டயரின் நோக்கில் இச்சாலைக்கு இரு முகங்கள் உண்டு. நெடுஞ்சாலையில் வண்டி நீண்ட நேரம் சீரான வேகத்தில் ஓடுவதால் டயர் சூடேறுகின்றது. கோடையில் கிருஷ்ணகிரியில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை நெருங்கும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குக் காலை குளிர்ந்திருக்கும். ஓசூரில் 20 பாகையில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், கீழிறங்கி ஓடி 50 பாகையை எட்டும்போது ஏறத்தாழ 37 பிஎஸ்ஐ காட்டும். இது இயல்பானதே. அழுத்தம் மிகுந்துவிட்டது எனக் கருதிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவோர், குளிர்ந்தபின் குறைந்த அழுத்தத்துடன் பயணத்தைத் தொடர்கின்றனர். குறைந்த அழுத்தம் பக்கச்சுவரை மிகுதியாக வளைத்து மேலும் சூடேற்றும். நெடுஞ்சாலை டயர் வெடிப்புகளுக்கு இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

நெடுஞ்சாலையை விட்டு அணுகுசாலைக்கோ சிற்றூர்ச் சாலைக்கோ இறங்கியதும் மறுமுகம் தெரியும்: வண்ணம் பூசப்படாத வேகத்தடைகள், தார் பெயர்ந்த ஓரங்கள், பாரவண்டிகளிலிருந்து உதிர்ந்த கற்கள். மெல்லிய டயருக்கு ஊறு நேர்வது பெரும்பாலும் இங்குதான். வேகமாகச் செல்லும் இடத்தில் அன்று.

ஆக்டேவியா ஆர்எஸ்

ஆக்டேவியா, பின்கண்ணாடியுடன் சேர்ந்து மேலெழும் பின்கதவு உடையது. எனினும் இந்தியாவில் செடான் என்றே கருதப்படுகின்றது. இதன் மூன்றாம் தலைமுறைச் சாதாரண வகைகள் 205/55 ஆர்16 டயர்களுடன் வந்தன. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அறிமுகமான 230 பிஎஸ் ஆற்றலுடைய ஆர்எஸ் வகைக்கு 225/45 ஆர்17 அளவு அளிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதே வண்டிக்கு 18, 19 அங்குலச் சக்கரங்களும் கிடைத்தன. 2020 இல் 200 எண்ணிக்கையில் மட்டும் விற்பனைக்கு வந்த ஆர்எஸ் 245 வகை 18 அங்குலச் சக்கரங்களைப் பெற்றது.

ஆகவே சாதாரண ஆக்டேவியா வைத்திருப்பவர் பெரிய சக்கரம் நாடினால், 225/45 ஆர்17 மிகப் பொருத்தமான அளவாகும். வெளிவிட்டம் 0.4 விழுக்காடே மாறுகின்றது, சுமைத்திறன் குறைவதில்லை, பக்கச்சுவரில் 11.5 மிமீ மட்டுமே இழக்கப்படுகின்றது. 18 அங்குலம் நல்ல சாலைகளில் மட்டும் ஓட்டுவோருக்குரியது, அதிலும் 92 குறியெண் கட்டாயம். 19 அங்குலத்தை இச்சாலைகளுக்குப் பரிந்துரைக்க இயலாது.

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் பந்தயத் தடத்திலோ கோவையின் கரி தடத்திலோ மெல்லிய பக்கச்சுவர் பயன் தரும்; அங்குத் தளம் சமமானது, பள்ளங்கள் இல்லை, டயர்கள் ஒவ்வொரு ஓட்டத்திற்கும் முன்பும் ஆராயப்படுகின்றன.

பொருத்தம்

டயர் சரியாக இருப்பினும் விளிம்பு வண்டியின் அச்சுக்குடத்தில் பொருந்த வேண்டும். இதற்கு நான்கு அளவுகள் ஒத்துவர வேண்டும்.

பிசிடி என்பது மரையாணித் துளைகளின் மையங்கள் வழியாக வரையப்படும் வட்டத்தின் விட்டமும் துளைகளின் எண்ணிக்கையும் ஆகும். ஆக்டேவியாவுக்கு 5 துளை, 112 மிமீ. ஓண்டா சிவிக் போன்ற பல சப்பானிய மகிழுந்துகளுக்கு 5 துளை, 114.3 மிமீ. இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்; ஆணிகளை வலிந்து முறுக்கினால் ஏறியும் விடும். அவ்வாறு ஏறிய ஆணிகள் சாய்ந்த நிலையில் இறுகி, அதிர்வில் தளர்ந்து, சக்கரமே கழன்றுவிடக்கூடும். இக்கட்டுரையில் கூறப்படும் தவறுகளுள் மிகக் கொடியது இதுவே.

நடுத்துளை அச்சுக்குடத்தின் மீது இறுக்கமாக அமர வேண்டும். ஆக்டேவியாவுக்கு இது 57.1 மிமீ. சந்தைச் சக்கரங்களில் துளை பெரிதாக இருக்குமாயின் இடைவளையம் இடப்பட வேண்டும். இல்லையேல் குறிப்பிட்ட வேகத்தில் திருப்புச்சக்கரம் அதிரும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அது தீராது.

ஆஃப்செட் என்பது, விளிம்பு அச்சுக்குடத்தைத் தொடும் தளத்திற்கும் விளிம்பின் நடுக்கோட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு. பழைய சக்கரம் 6.5 அங்குல அகலமும் 46 மிமீ ஆஃப்செட்டும் உடையது எனவும், புதியது 7.5 அங்குலமும் 35 மிமீயும் எனவும் கொள்வோம். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் ஒவ்வொரு பக்கமும் 12.7 மிமீ வளர்கின்றது. ஆஃப்செட் 11 மிமீ குறைந்ததால் முழுச் சக்கரமும் வெளியே நகர்கின்றது. ஆக, வெளிப்புறம் 23.7 மிமீ துருத்தும், உட்புறம் 1.7 மிமீ மட்டுமே நெருங்கும். ஆளேறியதும் டயர் மட்கார்டை உரசுவதற்கும், சக்கரத் தாங்குருளைகள் விரைவில் தேய்வதற்கும் இத்தகைய துருத்தலே காரணம்.

விளிம்பின் அகலத்திற்கும் வரம்பு உண்டு. 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரையிலான விளிம்பு ஏற்றது.

தரமும் சட்டமும்

இந்தியாவில் மகிழுந்துச் சக்கரங்களுக்கு ஐஎஸ் 9436, டயர்களுக்கு ஐஎஸ் 15633 ஆகிய தரநிலைகள் உள்ளன. 2009 ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை டயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் தரும். 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் அரிய அளவுகளில் இவ்வெண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும், ஏனெனில் விற்பனை குறைந்த அளவுகள் கடையிலேயே முதுமையடைகின்றன.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. எனவே அதே மாதிரியின் ஏதேனும் ஒரு வகைக்கு உற்பத்தியாளரே அளித்த அளவுக்குள் நிற்பது, பொறியியல் நோக்கில் மட்டுமன்றிச் சட்ட நோக்கிலும் காப்பீட்டு நோக்கிலும் பாதுகாப்பானது. ஏற்கப்பட்ட அளவுகளும் காற்றழுத்தமும் ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும்.

பொருத்திய பின்

ஆக்டேவியாவின் ஆணிகள் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்கப்பட வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பும் கடையில் முறுக்குவிசைக் குறடைக் கேட்டுப் பெறுதல் நலம். முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்; ஓசூரில் பொருத்தியவர் கிருஷ்ணகிரி சென்று திரும்பும் தொலைவு இதற்குச் சரியாக இருக்கும்.

போக்சுவாகன் குழும வண்டிகளின் ஆணித்தலை உருண்டை இருக்கை உடையது. சந்தைச் சக்கரங்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவ இருக்கை தேவை. புதிய ஆணிகள் வாங்கியவர் பழைய ஐந்து ஆணிகளையாவது வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்டெப்னி பழைய உருண்டை இருக்கையுடனேயே இருப்பதால், இரவில் குந்தாரப்பள்ளிக் கூட்டுச்சாலையில் டயரை மாற்ற நேர்ந்தால் கூம்பு ஆணிகள் அதில் சரியாக அமரா.