பழைய தளத்துக்குக் கேஷ் பூட்டிய கதை

2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். வலைப்பதிவர்கள் அப்போது விரும்பிப் பயன்படுத்திய மூவபிள் டைப், பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக எழுதி வைத்துவிடும். பதிவுகள் பெருகப் பெருக, ஒரு சிறு திருத்தத்துக்குக்கூட எழுதியவர் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஆனால் பாரம் சர்வரின் தலையில் ஏறியது. வாசகர் வரும் ஒவ்வொரு முறையும் பிஎச்பி நிரல் ஓடி, தரவுத்தளத்தைத் துழாவி, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும்.

நாளுக்கு நூறு பேர் வந்தால் அது தாங்கும். செய்தி இணைப்புகளைப் பகிரும் தளங்களான ஸ்லாஷ்டாட்டிலோ 2004இல் தொடங்கிய டிக்கிலோ இணைப்பு வந்துவிட்டால், பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிவு சர்வர் படுத்துவிடும். வந்தவர்கள் அத்தனை பேரும் பார்ப்பது ஒரே பக்கம். அதையே ஆயிரம் முறை கட்டுவது வீண் வேலை. ஒருமுறை கட்டியதை எடுத்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் ‘கேஷ்’ என்ற யோசனை புதிதல்ல. 1994இலேயே செர்ன் ஆய்வகத்தின் ப்ராக்ஸி சர்வர் அதைச் செய்தது.

வேர்ட்பிரஸ்ஸுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் ஸ்பெயினின் ரிகார்டோ கல்லி முக்கியமானவர். அவருடைய டபிள்யூபி-கேஷ் என்ற பிளக்இன், அதாவது வேர்ட்பிரஸ்ஸோடு இணைக்கும் துணை நிரல், பக்கங்களைச் சேமித்துத் தந்தது. என்றாலும் ஒவ்வொரு வருகைக்கும் பிஎச்பி கொஞ்சமாவது ஓடியாக வேண்டியிருந்தது. அயர்லாந்தின் டொன்னகா ஓ கீவ் அதை அடிப்படையாக வைத்து 2007இல் டபிள்யூபி சூப்பர் கேஷை உருவாக்கினார். லாகின் செய்யாத வாசகருக்கு பிஎச்பியை எழுப்பாமலே, அப்பாச்சி சர்வர் எச்டிஎம்எல் கோப்பை நேரடியாக அனுப்பியது. சாமானியர் நடத்தும் சிறு தளத்துக்கும் பெரும் கூட்டத்தைத் தாங்கும் பலம் தந்தது இந்த ஏற்பாடுதான்.

வேகத்தோடு ஆபத்தும் வந்தது. பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் எப்போதும் புதிதாக இருக்கட்டும் என்று, சேமித்த பக்கத்துக்குள்ளேயே பிஎச்பி வரிகளை வைத்து ஓட்டும் எம்ஃபங்க் என்ற வசதி கேஷ் பிளக்இன்களில் இருந்தது. அந்த வரிகளைத் தள உரிமையாளர்தான் எழுதுவார் என்று நம்பினார்கள். வாசகர் பின்னூட்டத்திலும் அதே குறியை எழுதலாம், சர்வர் அதையும் ஓட்டிவிடும் என்பது 2013 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. சூப்பர் கேஷ், டபிள்யூ3 டோட்டல் கேஷ் என்ற இன்னொரு பிளக்இன் இரண்டுமே அவசரமாகத் திருத்தப்பட்டன.

கேஷ் தரும் தொல்லையிலிருந்து பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுக் கடை தாக்குதலுக்கு உள்ளானது. அதைச் சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பில் பிழை நேர்ந்து, ஒருவருக்கு உருவான பக்கம் இன்னொருவர் திரையில் தோன்றியது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் அடங்கிய பக்கங்கள் இப்படி மாறிப்போயின. கடைக்கூடை, பணம் செலுத்தும் பக்கம், உறுப்பினர் பக்கம் ஆகியவற்றைக் கேஷிலிருந்து விலக்கி வைக்கும் விதியை ஒரு சடங்காக எண்ணிவிடக் கூடாது.

பல ஆண்டுகளாகத் தொடப்படாத தளத்தில் கேஷ் போடும்போது இன்னும் நிதானம் வேண்டும். கேஷ் பிளக்இன்கள் மற்றவைபோலத் தம் கோப்புறைக்குள் அடங்கி இருப்பதில்லை. வேர்ட்பிரஸ்ஸின் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்க்கும். அட்வான்ஸ்டு-கேஷ் என்ற கோப்பை வெளியே வைக்கும். அப்பாச்சி சர்வர் படிக்கும் எச்டிஆக்சஸ் விதிகளையும் மாற்றும். முன்பு யாரோ போட்டுப் பாதியில் நீக்கிய பிளக்இனின் மிச்சம் அங்கே கிடந்தால், புதியது அதோடு முட்டித் தளம் வெள்ளைத் திரையாகிவிடும். அதனால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுத்து, அதைத் தனியிடத்தில் ஏற்றிப் பார்த்து, பழைய மிச்சங்களைத் துடைத்த பிறகே ஒரே ஒரு கேஷ் பிளக்இனை இயக்க வேண்டும். பிறகு லாகின் செய்தும் செய்யாமலும் பக்கங்களைச் சோதிக்க வேண்டும்.

பழைய தளத்தில் பிஎச்பியும் பழையதாக இருக்கலாம். பிஎச்பி 5.6க்கான அதிகாரபூர்வ பாதுகாப்பு ஆதரவு 2018 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதற்கு முன்பே, 2015இல் வந்த பிஎச்பி 7, வேர்ட்பிரஸ் போன்ற நிரல்களைக் கண்கூடாக வேகப்படுத்தியிருந்தது. பழைய பதிப்பில் கிடக்கும் தளத்துக்குக் கேஷ் போட்டால் முகப்புப் பக்கம் பறக்கும். உரிமையாளரும் பிஎச்பியை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடுவார். ஆனால் லாகின் பக்கமும் பின்னூட்டப் படிவமும் கேஷைத் தாண்டி நேரே அந்தப் பழைய பிஎச்பியிடம்தான் போகின்றன. தாக்க வருபவர்கள் தட்டுவதும் அந்தக் கதவுகளைத்தான்.