இரண்டு முனையும் அடிக்கும் கம்பு

1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் மால் என்கிற வில்லன், இரண்டு பக்கமும் ஒளி பாயும் வாளைச் சுழற்றியதும் தியேட்டர்கள் அதிர்ந்தன. திருவிழாவில் பந்தச் சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு புதுசு இல்லை. கம்பின் இரு முனையிலும் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, தீ வைத்துச் சுழற்றினால் அதே வட்டம்தான். வெளிச்சத்தோடு சூடும் உண்டு என்பது மட்டும் வித்தியாசம்!

ஆனால் சுழற்றுவது வேறு, மோதுவது வேறு. பிரான்ஸ் வாள்வீச்சுக் கூட்டமைப்பு 2019-ல் ஒளிவாள் சண்டையை விளையாட்டாகவே அங்கீகரித்துவிட்டது. அங்கே அடி தாங்குவது பாலிகார்பனேட் குழாய். இருமுனை ஒளிவாள் என்றால் பெரும்பாலும் இரண்டு கைப்பிடிகளை நடுவில் திருகி இணைப்பார்கள். எந்த முனையில் அடி விழுந்தாலும் அதிர்ச்சி அந்த இணைப்புக்கு வந்து சேரும். முதலில் ஆட்டம் காண்பதும் அதுதான். சிலம்பக் கம்பில் இணைப்பே கிடையாது, முழுக்க ஒரே துண்டு.

அந்த ஒரே துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. உள்ளே பொந்தாக இருக்கும் மூங்கில் நாலு அடியில் பிளந்துவிடும். அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளில் வளரும் கல்மூங்கிலைத் தேடுவார்கள். அதன் உட்பகுதி கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும். கணுக்கள் நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, நீளவாக்கில் ஓடும் வெடிப்பு கணுவில் வந்து தடைபடும். இளம் மூங்கில் உதவாது, மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும்.

வெட்டிய கம்பை நீரில் ஊறப்போடுவது பழைய வழக்கம். மாவுச்சத்து கரைந்து போனால் துளைக்கும் வண்டுக்கு உள்ளே தீனி இல்லை, கம்பு உளுக்காது. (தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள், அதை நம்புவது அவரவர் இஷ்டம்.) பிறகு நிழலில் காயவைத்து, தணலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவுவார்கள். வெயிலில் வேகமாகக் காய வைத்தால் விரிசல் விடும். முனை சிதறாமலிருக்க உலோகப் பூண் போடுவதும் உண்டு. உயரம், தரையில் ஊன்றினால் ஆடுபவரின் நெற்றி வரை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கம்பு, ஆயுதமா இல்லையா? இந்தக் கேள்வி 1801-ல் நிஜமாகவே வந்தது. பாளையக்காரர் போர் முடிந்ததும் எட்வர்ட் கிளைவின் ஆட்சி தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. வேலும் வாளும் துப்பாக்கியும் பார்த்தவுடன் தெரியும். ஆடு மேய்ப்பவன் கையிலும் வழிப்போக்கன் தோளிலும் இருக்கும் கம்பை என்ன செய்வது?

கொங்கு நாட்டில் அப்போது தீரன் சின்னமலை இன்னும் அடங்கவில்லை. 1756-ல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த அவர், சிலம்பத்திலும் வாள் வீச்சிலும் தேர்ந்தவர் என்றே இங்கே நினைவுகூரப்படுகிறார். ஓடாநிலையில் கோட்டை கட்டி, 1801 முதல் 1804 வரை காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் என்று மூன்று இடங்களில் கம்பெனிப் படையோடு மோதினார். 1805 ஜூலை 31-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஓடாநிலைக் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். இன்று அங்கே இருப்பது அரசு கட்டிய மணிமண்டபம்.

கம்புக்கு அடுத்த சிக்கல் காட்டிலிருந்து வந்தது. 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு ஒதுக்குக் காடுகளில் மூங்கில் வெட்ட அனுமதி வேண்டும் என்றானது. 1927 இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரக்கணக்கில் சேர்த்தது. தாவரவியல்படி அது புல்! காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க 2017 வரை ஆனது.

இப்போது பயிற்சிக் கூடங்களில் பிரம்பு பரவலாகிவிட்டது. லேசாக இருக்கும், நன்றாக வளையும், அடி பட்டால் மூங்கிலைப் போலக் கூர்மையாகப் பிளக்காமல் நார் நாராகப் பிரியும். சிறுவர்கள் அதிகம் ஆடும் இடத்தில் இது பெரிய விஷயம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பந்தத்துக்கு மட்டும் தனிக் கம்பு: தீ பிடிக்கும் முனைகளில் இரும்புக் கம்பி. சண்டைக் கம்பில் தீ வைத்தால் இரண்டாம் முறை மோதலுக்கு அது ஆகாது.