வொயேஜர் தங்க இசைத்தட்டு

வொயேஜர் தங்க இசைத்தட்டு என்பது, நாசா 1977ஆம் ஆண்டு ஏவிய வொயேஜர் 1, வொயேஜர் 2 ஆகிய விண்கலங்களில், வேற்றுலக அறிவுயிரினங்களுக்கென இணைத்து அனுப்பப்பட்ட பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஆகும். 55 மொழிகளில் வாழ்த்துகள், 115 படங்கள், ஏறத்தாழ 90 நிமிட இசை ஆகியன இதில் பதியப்பட்டுள்ளன. கார்ல் சேகன் தலைமையிலான குழு இதனை உருவாக்கியது.

கண்டெடுக்கப்படும் வாய்ப்பு

குழுவில் இடம்பெற்ற பிராங்க் டிரேக், பால்வழியில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் சமன்பாட்டை 1961இல் முன்வைத்தவர். அதன் காரணிகளுள் கோள்கள் பற்றியது இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. 5,000க்கும் மேற்பட்ட புறக்கோள்கள் அறியப்பட்டுள்ளன. உயிர் தோன்றுதல், அது அறிவு பெறுதல், நாகரிகம் நிலைக்கும் காலம் ஆகியவற்றுக்கோ புவி ஒன்றே சான்று. ஆகவே விடை, கணிப்பவரின் ஊகத்திற்கேற்ப ஒன்று முதல் பல இலட்சம் வரை மாறுகிறது.

வானொலிச் செய்தி வந்துசேரும் வேளையில் அதைக் கேட்போர் வாழ்ந்தாக வேண்டும். தட்டோ நூறு கோடி ஆண்டுகள் நிலைக்கக்கூடும் என்பதால், அனுப்பியோர் மறைந்த பின்னரும் கண்டெடுக்கப்படலாம். எனினும் வொயேஜர் 1, கிளீசு 445 என்னும் விண்மீனை 1.6 ஒளியாண்டு தொலைவில் கடப்பதற்கே சுமார் 40,000 ஆண்டுகள் ஆகும். விண்மீன்களிடையே பயணிக்க வல்லோர் தவிர வேறெவரும் அதை எடுத்தல் அரிது.

இந்திய மொழிகள்

இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி முதலியனவும் இலங்கையின் சிங்களமும் இடம்பெற்றுள்ள வாழ்த்துகளில் தமிழ் இல்லை. பேசுவோர் தொகையை நோக்கின் இது வியப்பளிக்கும் விடுபாடே. வாழ்த்துகளுள் பெரும்பாலானவை கார்னெல் பல்கலைக்கழகத்தில், அங்குக் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு குறுகிய காலத்தில் பதிவுசெய்யப்பட்டன. இந்திய இசையாக, கேசர்பாய் கேர்க்கர் பைரவி இராகத்தில் பாடிய இந்துத்தானிப் பாடல் ஒன்று இடம்பெற்றுள்ளது.