பனை ஏறிய சபை

மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். "ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், கல்ச்சுரல்ஸ் இதையெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கு. நீ உங்க ஊர்ப் பக்கத்துச் சரித்திரம் ஏதாவது எழுதிக் குடு" என்றான். கோடை விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் நான் கொண்டுவந்த கருப்பட்டியை அறை நண்பர்கள் இரண்டே நாளில் காலி செய்தது அவர்களுக்கு மறந்திருக்காது. அந்தக் கருப்பட்டிக்கும் எங்கள் ஊர்க் கோயில் மணிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

வெளியூர் நண்பர்களுக்கு முதலில் இரண்டு சொற்களை விளக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் 'கோயில்' என்றால் கிறிஸ்தவ ஆலயம். "ஐயர் வந்துட்டாரா?" என்று கேட்டால் சேகரத்துக் குருவானவர் வந்துவிட்டாரா என்று பொருள். கல்லூரியில் நான் சாதாரணமாகச் சொன்ன இந்த இரண்டு சொற்களால் எத்தனை குழப்பம் வந்தது என்பது என் வகுப்புக்காரர்களுக்குத் தெரியும்!

நான் சொல்லும் பக்கம் சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத், திசையன்விளை என்று விரியும் செம்மண் பூமி. காற்றடித்தால் இடம் மாறும் சிவப்பு மணல் மேடுகளைத் தேரி என்போம். மழை குறைவு, நெல் அபூர்வம், பனை மட்டும் ஏராளம். 1986-இல் மாவட்டம் பிரிந்ததில் பாதி தூத்துக்குடிக்கும் பாதி திருநெல்வேலிக்குமாகப் போயிற்று. பழைய பதிவுகளில் எல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமைதான்.

இங்கே புராட்டஸ்டன்ட் சபையின் கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை ஒருவர் 1778-இல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780-இல் அங்கே 40 பேர் கொண்ட சிறு சபை பதிவாயிற்று. அந்த அம்மையார் முயற்சியில் எழுந்த கோயில் 1785-இல் பிரதிஷ்டையானது. பனங்காட்டுக்குள் சபை வேர்விட்டது அதற்குப் பிறகுதான். தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் உழைப்பால் 1799-இல் ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாயிற்று. முதலில் தோன்றிய ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர்.

1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். 1841-இல் கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோயிலின் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது, கிரேனும் கான்கிரீட் மிக்சரும் இல்லாமல் எப்படித்தான் கட்டினார்களோ என்று இந்த சிவில் இன்ஜினியருக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயமோ 1847-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. 33 வருஷ பிராஜெக்ட்! இன்றைக்கு எந்த கான்ட்ராக்டரும் பிழைக்க முடியாது.

கோயில் வந்தது, மணி வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம். மனிதனுக்கு வாரத்தில் ஏழு நாள் உண்டு. பனைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

பனை ஏறும் காலம் ஏறத்தாழ பங்குனி முதல் ஆடி வரை, அதாவது முழுக் கோடை. பாளையின் நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொண்டு பதநீர் ஊறுவது நின்றுபோகும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டினால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கும். இறக்கியதையும் வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். "இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு வாரேன்" என்று மரத்திடம் சொல்ல முடியாது. பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்கிறது. சீவாத பாளையோ அடுத்த நாள் சோற்றுக்கு வழியில்லாமல் செய்துவிடும்.

அந்த உழைப்பை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பனையேறிக்கு 40 மரம் என்று வையுங்கள். மரம் சராசரி 50 அடி. காலையும் மாலையும் ஏற வேண்டும். 40 x 50 x 2 = 4,000 அடி. ஒரு நாள் ஏற்றம் இது; இறக்கம் தனிக் கணக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. எங்கள் தாத்தாமார் இரண்டே நாளில் கொடைக்கானல் உயரத்தைத் தாண்டியிருக்கிறார்கள், இடுப்பில் அருவாப்பெட்டியோடும் காலில் தளைநாரோடும்.

கொடைக்கானலைச் சும்மா இழுக்கவில்லை. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளி வெயிலும் வியாதியும் தாங்காமல் மற்ற மிஷனரிகளும் பிறகு கோடையில் அங்கே போகத் தொடங்கினார்கள். கால்டுவெல் 1891-இல் காலமானதும் கொடைக்கானலில்தான். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள், எத்தனையோ பேர் இளம் வயதிலேயே இந்த மண்ணில் அடங்கினார்கள். ஆனாலும் ஒரு உண்மையைக் கவனிக்க வேண்டும். வெயில் காலத்தில் ஐயர்மார் மலை ஏறினார்கள், சபை மரம் ஏறியது. அந்த மாதங்களில் கிராமத்துக் கோயிலில் விளக்கேற்றி மணியடித்து ஜெபம் நடத்தியது யார்?

உபதேசியார்தான். பல சிற்றூர்களில் பள்ளிக்கூட வாத்தியாரும் அவரேதான். ஒரு மிஷனரியின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்ததால் கோடையில் என்றில்லை, வருஷம் முழுக்கவே ஊர்ச் சபையின் அன்றாட வாழ்க்கை அவர் தோளில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இந்த வரிசையிலிருந்து வந்த ஜான் தேவசகாயம் 1836-இல் முழுக் குருப்பட்டம் பெற்று, தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியக் குருவானவர்களில் முன்னவர் ஆனார். ஆனால் பெரும்பாலான உபதேசியார்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஓய்வுநாள் சிக்கலை எங்கள் ஊர் எப்படித் தீர்த்தது என்பதை ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் மரம் ஏறலாம், பாளை சீவலாம். அது மரத்தைக் காப்பாற்றும் வேலை. ஆனால் அன்றைய பதநீரைக் காய்ச்சி வீட்டு வரவில் சேர்க்கக்கூடாது. விடியுமுன் ஏறத் தொடங்குவார்கள். முதல் மணி அடிக்கும்போது கடைசி மரங்களில் இருப்பார்கள். இரண்டாம் மணிக்குக் குளியல். மூன்றாம் மணிக்கு வெள்ளை வேட்டியோடு கோயில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். இறக்கிய பதநீர் கோயில் வேப்பமரத்தடியில் பானைகளில் இருக்கும். ஆராதனை முடிந்ததும் ஓலைப்பட்டை பிடித்து, வழிப்போக்கர் உட்பட யார் வேண்டுமானாலும் குடிக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்கு ஏற்றம் நிற்கவில்லை. விடிலியில் தினமும் மணிக்கணக்காகப் புகைக்குள் நின்று, விறகு தள்ளி, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிய பெண்களுக்குத்தான் அடுப்பு அணைந்தது. ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏல, ஞாயித்துக்கிழமைன்னா கண்ணு எரியாது. அதுதாம்ல எங்களுக்கு ஓய்வுநாளு." ஓய்வுநாளுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எல்லோரும் மிஷனரிகள் சொன்னபடியே கேட்டு நடந்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1849-இல் கால்டுவெல் எழுதிய ஆங்கில நூல் பனையேறும் மக்களைத் தாழ்த்திச் சொல்கிறது என்று பின்னாளில் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. நாசரேத் பக்கத்தில் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறி, 1857-இல் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபை என்று அறியப்பட்ட தனிச் சபையைத் தொடங்கினார். ஐரோப்பியர் தலைமை வேண்டாம் என்றார். ஓய்வுநாளையும் சனிக்கிழமைக்கு மாற்றினார். ஆராதனை நாளை வெள்ளைக்காரர்தான் குறித்துத் தர வேண்டுமா என்று கேட்கும் துணிச்சல் அந்தக் காலத்திலேயே இந்தத் தேரிக்காட்டில் இருந்திருக்கிறது.

சபைக்குள் சாதி இருந்ததா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, தனி இருக்கையும் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கை ஒரே நாளில் வந்துவிடும். பக்கத்துப் பாயில் உட்கார்வதற்கு அதிக காலம் பிடித்தது. அதனால்தான் எங்கள் பக்கத்து அசனத்தை நான் வெறும் விருந்தாகப் பார்ப்பதில்லை. சபையார் கொடுக்கும் அரிசியும் ஆடும் காணிக்கையும் சேர்த்து, கோயில் வளாகத்திலேயே அண்டா அண்டாவாகச் சமைத்து, சோறும் கறிக்குழம்புமாக ஒரே பந்தியில் பரிமாறுவதுதான் அசனம். நிலம் உள்ளவரும் கூலிக்கு ஏறுபவரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார வேண்டும். மனக்கசப்பு எல்லாம் ஒரே சாப்பாட்டில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாளாவது அந்த வரிசையில் உட்கார்ந்தே தீர வேண்டியிருந்தது.

பணமும் இப்படித்தான் சேர்ந்தது. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். அது பிடியரிசிக் காணிக்கை. காசில்லாதவர்கள் கருப்பட்டி, கோழி, முருங்கைக்காய் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய் முருங்கைக்காயை ஐந்நூறுக்கு ஏலம் எடுத்து மீசையை முறுக்கும் அண்ணாச்சிமாரை நானே பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிச் சிறு காணிக்கைகளைப் பழகிய சபைகள்தான் 1903-இல், இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு என்ற கொள்கையோடு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பின. அதன் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா, வெள்ளாளன்விளை என்ற பனங்காட்டு ஊரில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

இன்று எங்கள் ஊர்க் கோடை தலைகீழாக மாறிவிட்டது. முன்பு கோடை என்றால் மரத்தை விட்டு நகர முடியாத வேலைக் காலம். இப்போது கோடை என்றால் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போனவர்கள் திரும்பி வரும் காலம். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் கூட்டம், கல்யாணங்கள், கடைசியில் அசனம். ஞாயிறு ஆராதனையில் பாய்க்குப் பதில் பெஞ்சு, தலைக்கு மேல் ஃபேன். மே மாதத்தில் உட்கார இடமிருக்காது; ஜூன் இரண்டாம் ஞாயிறு போய்ப் பாருங்கள், முன் பெஞ்சுகளில் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள்.

பனை 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. மரத்தைச் சட்டம் காப்பாற்றலாம். ஏற ஆள் வேண்டுமே! எங்கள் ஊரில் இப்போது ஏறுகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. தன் மகன் பனை ஏறக்கூடாது என்றுதான் தாத்தா மரம் ஏறினார். அந்தக் கருப்பட்டிக் காசில்தான் அப்பா படித்தார். அதனால்தான் நான் நம் கல்லூரிக்கு வந்தேன். இந்த மலரில் எழுதும் பலருக்கும் இப்படி ஒரு மரம், ஒரு வயல், ஒரு தறி பின்னால் இருக்கும்.

கோபுரம் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஏறியவர்கள், காய்ச்சியவர்கள், மணியடித்த உபதேசியார்கள் பெயரெல்லாம் கோயில் அலமாரியில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் காணிக்கைக் கணக்குகளிலும் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றைச் செல் அரித்துக்கொண்டிருக்கிறது. போன மே மாதம் நாங்கள் நாலு பேர், குருவானவரின் அனுமதியோடு அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யத் தொடங்கினோம். மூன்று பெரிய பதிவேடுகள் முடிந்தன. இன்னும் ஏழு பாக்கி. நம் கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள், பழைய கையெழுத்தைத் தேடிப் பார்க்கும்படி தொகுக்க ஒரு வழி சொன்னால் பெரிய உபகாரமாக இருக்கும். கூலி உண்டு: உடன்குடிக் கருப்பட்டி, ஆளுக்கு இரண்டு கிலோ!